கிட்னி நோயாளி என்ன சாப்பிடலாம்? கருவாட்டில் தொடங்கும் ஒரு நீண்ட கதை

1/
"டாக்டர், கிரியேட்டினின் ஏறியிருக்காம். என்ன சாப்பிடலாம், என்ன சாப்பிடக் கூடாது? ஒரு லிஸ்ட் எழுதிக் குடுங்க."

சிறுநீரகம் பாதிக்கப்பட்டிருக்கிறது என்று தெரிந்த அன்றைக்கே எல்லாரும் கேட்கிற கேள்வி இது. நியாயமான கேள்விதான். ஆனால் எல்லாருக்கும் பொருந்துகிற ஒரே லிஸ்ட் கிடையாது. ஏன் கிடையாது என்பதற்குப் பின்னால் 200 வருட வரலாறு இருக்கிறது. கொஞ்சம் நீளமான த்ரெட். வீட்டில் யாருக்காவது கிட்னி பிரச்சனை இருந்தால் பொறுமையாகக் கடைசி வரை படிங்க.

2/
கதையை வீராம்பட்டினத்தில் தொடங்குவோம். புதுச்சேரிக்குத் தெற்கே இருக்கிற மீனவ ஊர். ஆடி மாதம் செங்கழுநீர் அம்மன் தேர்த் திருவிழாவுக்குப் பேர் போனது.

பக்கத்திலேயே அரிக்கமேடு. 1945-ல் மார்ட்டிமர் வீலர் அங்கே அகழாய்வு செய்தார். அவருக்குப் பிறகு வந்த பிரெஞ்சு ஆய்வாளர் கசால் 1949-ல் வெளியிட்ட நூலின் தலைப்பிலேயே வீராம்பட்டினத்தின் பெயர் இருக்கிறது.

3/
அங்கே மண்ணுக்குள் இருந்து கிடைத்த ரோமானிய ஜாடித் துண்டுகளில் பெரும்பாலானவை ஒயின் வந்தவை. சில ஆலிவ் எண்ணெய் வந்தவை. இன்னும் சிலவற்றில் வந்தது, மீனை உப்பில் ஊறப்போட்டு நொதிக்க வைத்து எடுத்த சாறு.

யோசிச்சுப் பாருங்க. ஏறக்குறைய 2,000 வருடத்துக்கு முன்னால், மீனும் உப்பும் சேர்ந்த ஒரு பண்டம் கடல் தாண்டி இந்தக் கரைக்கு வந்திருக்கிறது. மீன் பிடிக்கிற எந்தக் கரையிலும் இதுதான் கதை. ஐஸ் இல்லாத காலத்தில் உப்புதான் ஃபிரிட்ஜ். நம்ம ஊர்க் கருவாடும் அப்படிப் பிறந்ததுதான்.

4/
அந்த உப்புக்காக இரண்டு சாம்ராஜ்யங்கள் ஒப்பந்தமே போட்டன. 1815-ல் லண்டனில் கையெழுத்தான ஒப்பந்தப்படி, பிரெஞ்சுப் பகுதிகளில் விளையும் உப்பை வாங்கும் உரிமை முழுக்க ஆங்கிலேயரிடம் போனது. பதிலுக்கு பிரெஞ்சு அரசுக்கு வருடம் 4 லட்சம் சிக்கா ரூபாய்.

1818-ல் இன்னொரு ஒப்பந்தம். பிரெஞ்சுப் பகுதிகளில் உப்பு விளைவிப்பதே நின்றது. உப்பளக்காரர்களுக்கு இழப்பீடாக வருடம் 4,000 வராகன். கடல் வாசலில் இருக்கிறது, உப்பு மட்டும் ஆங்கிலேயரிடமிருந்து வர வேண்டும்!

5/
உப்பு அவ்வளவு அருமையான பொருளாக இருந்தது. இன்றைக்கு மளிகைக் கடையில் ரொம்ப மலிவான பாக்கெட்டுகளில் அதுவும் ஒன்று. சிறுநீரகத்துக்குச் சிக்கல் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

ஆனால் உப்புக்கும் கிட்னிக்கும் சம்பந்தம் இருக்கிறது என்று மருத்துவம் கண்டுபிடிக்கவே நிறைய காலம் ஆனது. அந்தக் கதைக்கு இப்போது லண்டன் போகணும்.

6/
1827. லண்டன் கைஸ் மருத்துவமனை. ரிச்சர்ட் பிரைட் என்ற மருத்துவர், உடம்பு வீங்கி வந்த நோயாளிகளின் சிறுநீரை ஒரு கரண்டியில் எடுத்து மெழுகுவர்த்தி மேல் காட்டுகிறார். முட்டையின் வெள்ளைக்கரு வேகிற மாதிரி அது திரிகிறது. சிறுநீரில் புரதம்!

அந்த நோயாளிகள் இறந்த பிறகு உடலைத் திறந்து பார்த்தால் கிட்னி கெட்டுப் போயிருக்கிறது. அதற்கு "பிரைட் நோய்" என்றே பெயர் வந்தது. நோய் தெரிந்துவிட்டது. வைத்தியம்? ரத்தம் எடுப்பது, பேதிக்குக் கொடுப்பது. அவ்வளவுதான்.

7/
ரத்தத்தில் யூரியா சேர்கிறது, யூரியா புரதத்திலிருந்து வருகிறது என்று வேதியியல் வளர வளரத் தெரிந்தது. அப்படியானால் புரதத்தைக் குறைப்போம் என்று ஒரு பக்கம் யோசித்தார்கள். 1869-லேயே லயனல் பீல் என்ற ஆங்கில மருத்துவர் அப்படி எழுதினார்.

பிரான்சில் வேறு ஒரு வழக்கம். கிட்னி நோயாளியா? வெறும் பால் மட்டும் குடி. வீக்கம் வடிந்தது. எல்லாரும் பாலுக்கு ஏதோ மருத்துவ குணம் இருக்கிறது என்று நம்பினார்கள்.

8/
இந்த இடத்தில் உங்களுக்கு ஏற்கனவே தெரிந்த ஒருவர் வருகிறார். காய்ச்சல் ஒரு வாரம் இழுத்தால் "விடால் டெஸ்ட் எடுத்தாச்சா?" என்று கேட்போமே, டைபாய்டுக்கு. அந்த விடால் ஒரு மனிதரின் பெயர். ஃபெர்னாண்ட் விடால், பாரிஸ் மருத்துவர்.

1903-ல் அவரும் ழாவால் என்ற சக மருத்துவரும் ஒரு சோதனை செய்தார்கள். கையில் இருந்த கருவி? எடை பார்க்கிற தராசு.

9/
கிட்னி நோயாளிக்கு இறைச்சியும் உருளைக்கிழங்கும் கொடுத்தார்கள், உப்பு இல்லாமல். அதுவரை இறைச்சி என்றாலே விஷம் என்று சொல்லி வந்தார்கள். ஆனால் வீக்கம் வடிந்தது, எடை இறங்கியது.

பிறகு "நல்ல" பாலையே கொடுத்தார்கள், உப்பைச் சேர்த்து. வீக்கம் ஏறியது, எடை ஏறியது.

ஆக, இத்தனை நாள் வேலை செய்தது பாலின் மகிமை இல்லை. பாலில் உப்பு குறைவு. அவ்வளவுதான் ரகசியம்! மறு வருடமே, 1904-ல், ஆம்பார், போஜார் என்ற இரு பிரெஞ்சு மருத்துவர்கள் உப்பையும் ரத்த அழுத்தத்தையும் முடிச்சுப் போட்டுக் காட்டினார்கள்.

10/
இதிலிருந்து இன்றைக்கும் நாம் கற்க வேண்டியது ஒன்று உண்டு. "இதைக் குடிச்சேன், கிரியேட்டினின் இறங்கிடுச்சு" என்று யாராவது ஒரு கஷாயத்தையோ ஜூஸையோ சொல்கிறபோது, அதோடு சேர்ந்து வேறு என்ன மாறியது என்று கேளுங்க. வலி மாத்திரையை நிறுத்தினாரா? உப்பைக் குறைத்தாரா? பிரஷர் மாத்திரையை ஒழுங்காகப் போட ஆரம்பித்தாரா? விடால் கேட்டது இந்தக் கேள்வியைத்தான்.

11/
அடுத்தது நம்ம சோறு சம்பந்தப்பட்ட கதை. ஜெர்மனியிலிருந்து அமெரிக்காவுக்குப் போன வால்டர் கெம்ப்னர், டியூக் பல்கலைக்கழகத்தில் 1939 வாக்கில் ஒரு உணவு முறையைத் தொடங்கினார். அரிசிச் சோறு, பழம், பழச்சாறு, சர்க்கரை. உப்பு கிடையாது. புரதம் ஒரு நாளைக்குச் சுமார் 20 கிராம்தான்.

பிரஷர் எகிறிய, கிட்னி கெட்ட நோயாளிகளுக்கு அப்போது மருந்தே கிடையாது என்பதை நினைவில் வையுங்கள்.

12/
1942-ல் ஒரு பெண் நோயாளியிடம் இரண்டு வாரம் கழித்து வரச் சொன்னாராம். அவருடைய ஜெர்மன் உச்சரிப்பில் அந்தப் பெண்ணுக்கு இரண்டு மாதம் என்று காதில் விழுந்ததாம். இரண்டு மாதமும் வெறும் சோறும் பழமும் சாப்பிட்டுவிட்டு வந்து நின்றார். ரத்த அழுத்தம் இறங்கியிருந்தது, கண்ணின் வீக்கமும் ரத்தக் கசிவும் குறைந்திருந்தன. டியூக்கில் இன்றும் சொல்கிற கதை இது.

மருந்து வராத காலத்தில் சோறு ஒரு மருந்தாக வேலை செய்தது உண்மை. ஆனால் உப்பில்லாத, பருப்பில்லாத அந்தச் சோற்றை நீண்ட காலம் தாங்கியவர்கள் கொஞ்சம் பேர்தான்.

13/
இங்கே ஒரு விஷயத்தைக் கவனிச்சீங்களா? கெம்ப்னரின் நோயாளிகள் நாள் முழுக்கப் பழம் சாப்பிட்டார்கள். இன்று கிட்னி நோயாளிகள் கையில் சுற்றும் லிஸ்டில் முதல் வரியே "பழம் கூடாது". எது சரி?

இரண்டும் சரி, ஆள் வேறு. சிறுநீர் நன்றாகப் போகிற வரை பழத்தில் இருக்கிற பொட்டாசியம் பெரும்பாலும் வெளியேறிவிடும். கிட்னி ரொம்பத் தளர்ந்து, சிறுநீர் குறைந்து, கூடவே பொட்டாசியத்தை ஏற்றும் பிரஷர் மாத்திரைகளும் சேர்ந்தால் அது ரத்தத்தில் தேங்கும். தேங்கினால் இதயத் துடிப்பையே நிறுத்தக் கூடியது. பழம் வேண்டுமா வேண்டாமா என்பதை உங்கள் ரத்தப் பரிசோதனைதான் சொல்ல வேண்டும், பக்கத்து வீட்டுக்காரர் இல்லை.

14/
1960-களில் இத்தாலி. 1963-ல் ஜோர்தானோ, 1964-ல் ஜோவன்னெட்டியும் மஜ்ஜோரேயும், கிட்னி கடைசிக் கட்டத்தில் இருந்தவர்களுக்குப் புரதத்தை நாளைக்கு 20 கிராம் அளவுக்குக் குறைத்தார்கள். அதிலும் பெரும்பகுதி முட்டையிலிருந்து. வாந்தி, குமட்டல், அரிப்பு எல்லாம் குறைந்தது. டயாலிசிஸ் எட்டாத அந்தக் காலத்தில் அது பெரிய நிம்மதி.

ஆனால் விலையும் இருந்தது. சதை கரைந்தது, ஆள் இளைத்தார். யூரியா குறைந்த ரிப்போர்ட்டோடு பலவீனமும் வந்தது.

15/
இதே நேரத்தில் இன்னொரு பாதை திறந்துகொண்டிருந்தது. 1943-ல், ஜெர்மானியர் பிடியில் இருந்த நெதர்லாந்தில், வில்லெம் கோல்ஃப் செலோபேன் குழாயைச் சுற்றி ஒரு செயற்கைக் கிட்னியைச் செய்தார். 1945-ல்தான் அதில் முதல் உயிர் பிழைத்தது.

1960-ல் அமெரிக்காவின் சியாட்டிலில் ஸ்கிரிப்னர், கையில் நிரந்தரமாக இருக்கிற குழாய் இணைப்பைப் பொருத்தினார். அதற்கு முன் டயாலிசிஸ் சில தடவைதான் முடியும். அதற்குப் பின் வாரா வாரம் செய்யலாம் என்றானது. அவருடைய முதல் நோயாளி கிளைட் ஷீல்ட்ஸ் 11 வருடம் வாழ்ந்தார். நம்ம பக்கத்தில் 1971-ல் வேலூர் சி.எம்.சி.யில் மாற்றுச் சிறுநீரக அறுவை சிகிச்சை வெற்றி பெற்றது.

16/
இங்கேதான் உணவு விதி தலைகீழாக மாறுகிறது. இந்த த்ரெட்டில் ஒரே ஒரு பதிவை மட்டும்தான் நினைவில் வைப்பீர்கள் என்றால் இதை வையுங்கள்.

டயாலிசிஸ் இயந்திரம் யூரியாவோடு சேர்த்து நல்லதையும் வெளியே தள்ளுகிறது. ஒவ்வொரு முறையும் சுமார் 6 முதல் 12 கிராம் அமினோ அமிலங்கள், அதாவது புரதத்தின் செங்கற்கள், போய்விடுகின்றன. ஆகவே டயாலிசிஸுக்கு முன் "புரதம் குறை" என்று சொன்ன அதே டாக்டர், டயாலிசிஸ் தொடங்கியதும் "புரதம் கூட்டு" என்பார். டாக்டர் மாற்றிப் பேசவில்லை. உடம்பின் கணக்கு மாறிவிட்டது.

17/
1990-ல் லௌரி, லியூ என்ற இருவர் 12,000-க்கும் மேற்பட்ட டயாலிசிஸ் நோயாளிகளின் பரிசோதனை முடிவுகளை அலசினார்கள். யாருக்கு மரண ஆபத்து அதிகம் என்று பார்த்தால், ரத்தத்தில் ஆல்புமின் என்ற புரதம் குறைந்தவர்களுக்கு. சத்துக் குறைவும் உடம்பில் ஓயாத அழற்சியும் சேர்ந்தால் இது இறங்கும்.

இன்றும் டயாலிசிஸ் செய்துகொண்டே, பழைய லிஸ்டைப் பார்த்து மீன் வேண்டாம், முட்டை வேண்டாம், பருப்பு வேண்டாம் என்று கஞ்சியில் நாளைத் தள்ளுகிறவர்கள் இருக்கிறார்கள். வீட்டுக்காரங்க அக்கறையாகத்தான் செய்கிறார்கள். ஆனால் அந்தப் பத்தியம் மெதுவாகக் கொல்லும்.

18/
சரி, டயாலிசிஸ் வராதவர்களுக்குப் புரதத்தை எவ்வளவு குறைக்கலாம்? அமெரிக்காவில் 840 பேரை வைத்து நடந்த பெரிய ஆய்வின் முடிவு 1994-ல் வந்தது. கடுமையாகக் குறைத்தவர்களுக்குப் பெரிய, தெளிவான லாபம் தெரியவில்லை.

அதற்கு ஒரு வருடம் முன், 1993-ல், கேப்டோபிரில் என்ற பிரஷர் மாத்திரை சர்க்கரை நோயாளிகளின் கிட்னி கெடுவதைத் தெளிவாக மெதுவாக்கியது என்று இன்னொரு ஆய்வு காட்டியது. பத்தியம் இருக்கிறேன் என்று மாத்திரையை நிறுத்துகிறவர்கள் இந்த இரண்டு ஆய்வுகளையும் அருகருகே வைத்துப் பார்க்கணும்.

19/
இன்றைய நிலை என்ன? 2024-ல் வந்த சர்வதேச வழிகாட்டுதல்:

டயாலிசிஸ் இல்லாத, கிட்னி செயல்பாடு கணிசமாகக் குறைந்த பெரியவர்களுக்குப் புரதம், உடல் எடையில் கிலோவுக்கு 0.8 கிராம். 60 கிலோ ஆளுக்கு 48 கிராம். இதற்குக் கீழே போவது டாக்டரும் உணவியல் நிபுணரும் கூடவே பார்த்துக்கொண்டால்தான்.

டயாலிசிஸ் செய்கிறவர்களுக்கு 1 முதல் 1.2 கிராம். அதே 60 கிலோ ஆளுக்கு 60 முதல் 72 கிராம்.

உப்பு பெரும்பாலானவர்களுக்கு நாளைக்கு 5 கிராமுக்குள். ஒரு டீஸ்பூன். சாம்பார், குழம்பு, ஊறுகாய், அப்பளம், பிஸ்கட் எல்லாம் சேர்த்து.

20/
இப்போ வீராம்பட்டினத்துக்குத் திரும்புவோம். 100 கிராம் புது மீனில் 18 முதல் 20 கிராம் நல்ல புரதம் இருக்கிறது. உப்பு மிகக் குறைவு. கிட்னி நோயாளிக்கு அளவாகப் பொருந்துகிற உணவு. டயாலிசிஸ் நோயாளிக்கோ வரம்.

அதே மீன் கருவாடானால்? வகையைப் பொறுத்து மாறும் என்றாலும், உப்புக் கருவாட்டில் 100 கிராமுக்கு 10 கிராமுக்கு மேல் உப்பு இருப்பது சாதாரணம். 50 கிராம் கருவாடு ஒரு நாளின் மொத்த உப்புக் கணக்கையும் முடித்துவிடும். ஊறவைத்துக் கழுவினால் கொஞ்சம் குறையும், முழுசாகப் போகாது.

21/
ஆடியில் அம்மன் கோயிலில் கூழ் ஊத்தும்போது என்ன செய்வது? ரத்தத்தில் பொட்டாசியம் சரியாக இருக்கிறவர், ஒரு குவளை கூழ் தாராளமாகக் குடிக்கலாம். பிரச்சனை கூழில் இல்லை. கூழில் போடுகிற உப்பிலும், தொட்டுக்கொள்கிற கருவாட்டிலும், மோர் மிளகாயிலும் இருக்கிறது. உப்பில்லாமல் சின்ன வெங்காயமும் மாங்காய்க் கீற்றும் வைத்துக் குடிங்க.

ஐஸ் பெட்டியும் ஃபிரிட்ஜும் வந்த பிறகு மீனைக் காப்பாற்ற உப்பு தேவையில்லை. நாக்குக்கு மட்டும்தான் இன்னும் தேவைப்படுகிறது. நாக்கைச் சில வாரங்களில் பழக்கிவிடலாம். புளி, மிளகு, பூண்டு, கறிவேப்பிலை, எலுமிச்சை கொஞ்சம் என்று சுவையை வேறு பக்கமிருந்து கூட்டலாம்.

22/
சில மாற்று உப்புகள் பற்றி ஒரு எச்சரிக்கை.

இந்துப்பு? அதுவும் சோடியம் உப்புதான். சலுகை எதுவும் இல்லை.

"சோடியம் குறைந்த உப்பு" என்று பாக்கெட்டில் வருவது? சோடியத்துக்குப் பதில் பொட்டாசியத்தைச் சேர்த்திருப்பார்கள். சாதாரண ஆட்களுக்கு நல்லதாக இருக்கலாம். பொட்டாசியம் ஏறக்கூடிய கிட்னி நோயாளிக்கு ஆபத்து. டாக்டரைக் கேட்காமல் வாங்காதீங்க.

இளநீரும் அப்படித்தான். ஓர் இளநீரிலேயே 500 மில்லிகிராமுக்கு மேல் பொட்டாசியம் இருக்கலாம்.

23/
இன்னொரு முக்கியமான உள்ளூர் வரலாறு. 1823-ல் பிரெஞ்சுக்காரர் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழியில் வந்தது புதுச்சேரி ஜிப்மர். அந்த ஜிப்மர் மருத்துவர்கள் 2020-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள்.

சர்க்கரை இல்லை, வேறு தெளிவான காரணமும் இல்லை, ஆனால் கிட்னி கெட்டிருக்கிறது. புதுச்சேரியிலும் அதை ஒட்டிய தமிழ்நாட்டு மாவட்டங்களிலும் இப்படி நிறைய பேர். அதிகமும் வெயிலில் வேலை செய்யும் விவசாயக் கூலித் தொழிலாளர்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் "தொண்டைமண்டல நெஃப்ரோபதி". இலங்கையின் வடமத்திய மாகாணத்திலும் ஆந்திராவின் உத்தானம் பகுதியிலும் இதே போன்ற நோய் உண்டு. இதற்குக் காரணம் ஒன்று என்று யாராலும் இன்னும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

24/
ஆகவே வில்லியனூர், பாகூர் பக்கம் வயலில் நிற்பவர்களும், கடலுக்குப் போய் வருபவர்களும் கவனிக்கணும். "கிட்னி நோயாளி தண்ணி குறைவா குடிக்கணும்" என்பது எல்லாருக்குமான விதி இல்லை. அது வீக்கம் இருப்பவர்களுக்கும், சிறுநீர் குறைந்தவர்களுக்கும், டயாலிசிஸ் செய்பவர்களுக்கும் சொல்வது. வெயிலில் வியர்க்க வேலை செய்பவர் தண்ணீரைக் குறைத்தால் கிட்னி இன்னும் கெடும். சாயங்காலம் உடம்பு வலிக்கு மெடிக்கலில் வாங்கிப் போடுகிற வலி மாத்திரையும் கெடுக்கும். உங்கள் அளவு எவ்வளவு என்று டாக்டரிடம் கேட்டு, எண்ணாகவே வாங்கிக்கொள்ளுங்கள்.

25/
டாக்டரைப் பார்க்கும்போது இந்த ஐந்தைக் கேளுங்க:

என் கிட்னி எத்தனையாவது கட்டத்தில் இருக்கிறது?
என் பொட்டாசியமும் பாஸ்பரஸும் எவ்வளவு?
என் எடைக்குப் புரதம் எத்தனை கிராம்? அதை மீனாக, முட்டையாக, பருப்பாகச் சொல்லுங்கள்.
ஒரு நாளைக்குத் தண்ணீர் எவ்வளவு?
அடுத்த ரத்தப் பரிசோதனை எப்போது? அப்போது இந்த உணவை மாற்ற வேண்டியிருக்குமா?

கடைசிக் கேள்விதான் ரொம்ப முக்கியம். நேற்றைய உணவுச் சீட்டு நேற்றைய கிட்னிக்கு எழுதியது.

26/
பால் மட்டும், சோறு மட்டும், முட்டை மட்டும் என்று 200 வருடமாக எத்தனையோ பத்தியம் வந்து போயிருக்கிறது. ஒவ்வொன்றும் யாரோ ஒரு நோயாளிக்கு, ஏதோ ஒரு கட்டத்தில் உதவியது. இன்னொருவர் அதை அப்படியே எடுத்துக்கொண்டபோது கெடுத்தது. இவற்றில் பெரும்பாலானவர்களுக்கும் நிலைத்து நிற்பது விடால் தராசு வைத்துக் கண்டுபிடித்த ஒன்றுதான்: உப்பைக் குறை. மற்றதெல்லாம் உங்கள் ரிப்போர்ட்டைப் பார்த்துத்தான்.

அடுத்தவருடைய லிஸ்டை ஃபார்வர்ட் செய்யாதீங்க. இந்த த்ரெட்டைத் தாராளமாக அனுப்பலாம்.